வால்யூம் திருகு

பென்சனைத் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்ட நாலாம் நாள் காலையில், அவர் இடதுகையைத் தூக்கிச் சுவரோரம் இருந்த ரேடியோ ரிசீவரைக் காட்டினார். வலதுகையும் வலதுகாலும் செத்துக் கிடந்தன. வாயின் வலது ஓரம் தொங்கி, அதிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தலையணையில் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மனைவி புஷ்பமேரி அவருக்கு அடியிலிருந்த ரப்பர் ஷீட்டை உருவிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக விடாத மழை. கொடைக்கானல் ஆனந்தகிரியில் ஒரு வீட்டிலும் துணி காயவில்லை. சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்தது. மூடினால் மூத்திர வாடையும் ஈரத்துணி வாடையும் சேர்ந்து மூச்சை முட்டின.

"போது" என்றார்.

போடு என்பதுதான் அப்படி வந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அவர் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு ஒரு எழுத்து தப்பாமல் புரிந்தது. அப்படிப் புரிவதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஒரு மனுஷனின் வாயையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தால், வாய் கோணிப்போன பிறகும் அது என்ன சொல்கிறதென்று தெரிந்துவிடுகிறது.

அந்த ரிசீவரை அவள் அதுவரை தொட்டதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமொன்றில் பென்சன் எலக்ட்ரீசியனாக இருந்தபோது, ஊருக்குத் திரும்பிய அமெரிக்கப் பாட்டு வாத்தியார் கொடுத்துவிட்டுப் போனது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. மரப்பெட்டி, வெள்ளி முகம், அதில் வரிசையாகத் திருகுகள், சின்னச் சின்ன நெம்புகோல் மாதிரி சுவிட்சுகள். கூடவே இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு கேசட் டெக். நம்மூர்க் கரண்டு அதற்கு ஆகாது என்பதால் கரண்டைப் பாதியாகக் குறைக்கும் செங்கல் கனத்து ட்ரான்ஸ்பார்மர் ஒன்றும் உண்டு. வீட்டில் மழை ஒழுகாத ஒரே மூலை அதற்குத்தான். பென்சனே பெயிண்ட் பிரஷ் வைத்துத் தூசி தட்டுவார். மகள் ஷைலா ஆறு வயதில் ஒருமுறை அலைவரிசைத் திருகைச் சுற்றிப் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது, "போது, போது" என்று கட்டில் சட்டத்தில் இடதுகையால் தட்டினார்.

புஷ்பமேரி கையைக் கழுவிவிட்டு வந்து ட்ரான்ஸ்பார்மர் சுவிட்சைப் போட்டாள். அது இரையத் தொடங்கியது. பிறகு பவர். முகப்பில் பச்சை வெளிச்சம் எழும்பியது. ஏழெட்டு எண்ணுவதற்குள் பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும் என்பது அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு காதால் படித்த பாடம்.

டொக் கேட்டது. பாட்டு வரவில்லை.

பென்சன் எதையோ சொன்னார். எந்த சுவிட்சைத் தொட வேண்டுமோ அதை விரலால் காட்டினார். அவள் வேறொன்றைத் தொட்டாள். அவர் மூதி என்று திட்டினார். அந்த வார்த்தை மட்டும் பழைய மாதிரியே சுத்தமாக வந்தது. 'டேப் மானிட்டர்' என்று எழுதியிருந்த சுவிட்சு கீழே தள்ளியிருந்தது. அது அப்படி இருந்தால் ரிசீவர் கேசட் டெக்கைத் தவிர வேறெதையும் கேட்காது, ரேடியோ ஊமையாகிவிடும். அதை மேலே தூக்கியதும் எப்பெம் கரகரவென்று பேச ஆரம்பித்தது. கொடைக்கானலில் மழை நீடிக்கும் என்றார்கள்.

வால்யூமைக் குறைத்தபோது அவளுடைய விரல்நுனியில் ஏதோ பிசுபிசுத்தது. வால்யூம் திருகின் ஓரத்தில் சன்னமாக வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளங்களில் பென்சனின் தலையெண்ணெயும் கையழுக்கும் வருஷக்கணக்காக ஏறிக் கறுத்திருந்தன. அவள் விரலை முந்தானையில் துடைத்தாள். பிறகு முந்தானையைப் பார்த்தாள். அந்த மூலையை மட்டும் போய் சோப்புப் போட்டு அலசினாள்.

அழுக்குக்கு அஞ்சுகிறவள் இல்லை புஷ்பமேரி. ஏரிச் சாலையில் ஒரு லாட்ஜில் பதினாறு வருஷமாகத் துணி துவைக்கிறாள். மெஷின் வந்துவிட்டது என்றாலும் கறையை முதலில் கையால்தான் எடுக்க வேண்டும். சீசனில் வருகிறவர்கள் மெத்தை விரிப்பில் பிரியாணி தின்றிருப்பார்கள், வாந்தி எடுத்திருப்பார்கள், என்னென்னவோ செய்திருப்பார்கள். ஐஸ் மாதிரித் தண்ணீரில் முழங்கை வரை விட்டுத் தேய்த்துவிட்டு அதே கையால் மத்தியானம் சோறு பிசைந்து சாப்பிடுவாள். பென்சன் படுத்த பிறகு அவருடைய மலத்தை எடுப்பதும் அவளுக்குப் பெரிய சோலியாகத் தெரியவில்லை. அது உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எடுத்தாள். அந்தத் திருகைத் தொட்ட கையைத்தான் உடனே கழுவ வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் எல்லாம் படிந்துவிட்டது. வெள்ளனே எழுந்து கஞ்சி வைப்பாள். பூண்டி ஊர் மலைப்பூண்டை உரித்துப் போட்டு ரசம் வைத்து, சோற்றோடு குழைத்து ஊட்டுவாள். பாதி தொண்டைக்குள் போகும். பாதி தாடையில் வழியும். வழித்து மறுபடி ஊட்ட வேண்டும். பிறகு ரேடியோவைப் போட்டுவிட்டு லாட்ஜுக்கு ஓடுவாள். மத்தியானம் திரும்பும் வரைக்கும் பக்கத்து வீட்டு பாப்பம்மாள் இரண்டு தரம் எட்டிப் பார்ப்பாள். பாப்பம்மாள் மூஞ்சிக்கல்லில் தள்ளுவண்டியில் கேரட்டும் பீன்ஸும் விற்கிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

சாயங்காலமானால் பென்சன் அவளுக்கு வேலை வைப்பார். பாஸைக் குறை, ட்ரிபிளைக் கூட்டு, அந்த ஸ்டேஷனில் இரைச்சல் வருகிறது, முள் நடுவில் நிற்கும்படி மெல்லத் திருப்பு. எப்பெம்மா ஏஎம்மா என்று தேர்ந்தெடுக்கும் திருகு, இடது வலது ஸ்பீக்கரைச் சமப்படுத்தும் திருகு, குறைந்த சத்தத்திலும் பாட்டு நிறைவாகக் கேட்க ஒரு 'லவுட்னஸ்' சுவிட்சு. கடைசியில் ஸ்பீக்கர் திருகு, அதில் ஏ, பி, ஏ பிளஸ் பி. ஏ என்றால் வீட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர். பி என்றால் கிறிஸ்துமஸுக்காக அவர் வாசலில் இறவாரத்தடியில் தெருவைப் பார்த்துப் பொருத்திய ஸ்பீக்கர். அவர் கண்ணால் காட்டக் காட்ட அவள் கை போனது. அவருடைய செத்த கைக்குப் பதிலாகத் தன் கையைக் கொடுத்துவிட்டது மாதிரி இருந்தது.

ஒன்றில் மட்டும் அவள் கை நின்றுவிடும். வால்யூம் இரண்டு வரைக்கும் போகும். மூன்று வரைக்கும் போகும்.

"கூத்து" என்பார். கூட்டு.

"போதும். நல்லாத்தான் கேக்குது."

"கூத்து, மூதி."

மூன்றைத் தாண்டித் திருப்ப முடியாது. விரல் கட்டை மாதிரி ஆகிவிடும். காதுக்குள் சொய்யென்று ஒரு இரைச்சல் கிளம்பும். அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

தெருவில் பென்சனுக்கு நல்ல பெயர். குடிக்க மாட்டார், பீடி சிகரெட் இல்லை, கோவில் மைக்செட்டுக்குக் காசு வாங்காமல் வேலை பார்ப்பார். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ வேலை முடிந்து வந்து குளித்து, வெள்ளை பனியன் போட்டு, மாதா பாட்டு கேசட்டை வைப்பார். மெதுவாகத்தான் தொடங்கும். நின்று கேட்டுவிட்டு பாஸைக் கொஞ்சம் குறைப்பார். ட்ரிபிளைக் கூட்டுவார். சில நாள் வாசல் ஸ்பீக்கரையும் சேர்த்துப் போடுவார். பிறகு வால்யூமைத் திருப்புவார். அதற்குப் பிறகுதான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வருவார். கோபத்தில் அடிக்கிறவன் ட்ரிபிளைத் திருத்திக்கொண்டிருக்க மாட்டான். இது கோபமில்லை என்று புஷ்பமேரிக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷமே தெரிந்துவிட்டது. உப்புக் குறைந்ததும், லாட்ஜ் மானேஜரிடம் சிரித்துப் பேசியதும், பெட்டைப் பிள்ளை பெற்றதும் எல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்ட காரணங்கள். பாட்டு முடியும்போது அடியும் முடியும். கேசட்டைத் திருப்பிப் போட்டது இரண்டே தரம்.

ஷைலாவை அந்த நேரம் தெருக்குழாய்க்குத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவாள். குழாயில் தண்ணீர் வரும் நாளா இல்லையா என்று பார்ப்பதில்லை. பிள்ளை காலிக் குடத்தோடு அங்கேயே நிற்கும். பாட்டு நின்றதும் வரும்.

அந்த ஷைலாதான் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாள். அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இந்த வீட்டுக்கு வந்தது நாலைந்து தரம்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவள் உள்ளேயிருந்து வந்த ரேடியோச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"அத ஏம்மா போட்டு வச்சிருக்க?"

"கேக்குறாரு."

"கேட்டா?"

ஷைலா உள்ளே வந்து கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்று தகப்பனைப் பார்த்தாள். பென்சன் இடதுகையை நீட்டினார். அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அடுப்படியில் அம்மாவும் மகளும் பட்டர் பீன்ஸ் உரித்தபடி பேசினார்கள். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் இல்லம் ஒன்றில் இந்த மாதிரிக் கிடக்கிறவர்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஷைலா சொன்னாள். தான் பேசிவிட்டதாகவும், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் சொன்னாள். புஷ்பமேரி தலையை ஆட்டி மறுத்தாள். கட்டினவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்று தெருவே சொல்லும், கோவிலில் தலை காட்ட முடியாது என்றாள்.

"தெருவு என்னம்மா சொல்லும்? இத்தன வருஷமா என்ன சொல்லுச்சு? பென்சன் வீட்டு செட்டு சவுண்டு மாதிரி வராதுன்னு சொல்லுச்சு."

"சத்தமாப் பேசாத. கேக்கும் அவருக்கு."

ஷைலா பீன்ஸை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மகளின் முகம் அருவருப்பில் சுருங்கியது. கட்டிலைப் பார்த்தபோதுகூட அது அப்படிச் சுருங்கவில்லை. சாப்பிடாமலே மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மகள் உரித்துவைத்த பீன்ஸைக் கழுவும்போது அந்த முகம் புஷ்பமேரியின் கண்ணிலேயே நின்றது. என்னைப் பார்த்துத்தான் சுளித்தாள் என்று நினைத்துக்கொண்டாள். சுளிக்க வேண்டியதுதான் என்றும் நினைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. நோயாளிக்காக ஜெபிக்க வந்த கூட்டம். தெருவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அலெக்சாண்டர்தான் தலைவர். மூன்று வீடு தள்ளி இருக்கும் ஆக்ஸிலியாவும் வந்திருந்தாள். டூரிஸ்ட் கார் ஓட்டும் ஸ்டீவனைக் கட்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். பாப்பம்மாள் வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாலும் மரியாதைக்கு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. புஷ்பமேரி கட்டிலுக்குக் கீழே பினாயில் ஊற்றித் துடைத்து, பென்சனுக்கு வெள்ளை பனியன் மாட்டி, எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டு வைத்திருந்தாள்.

ஜெபமாலை முடிந்தது. அலெக்சாண்டர் எழுந்து பென்சனைப் பற்றிப் பேசினார். இந்தத் தெருவில் பக்தியை வளர்த்தவர் பென்சன், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது அவர் போடும் மாதா பாட்டைக் கேட்டாலே அசதி பறந்துவிடும் என்றார். அந்தப் பாட்டை இப்போது எல்லோரும் சேர்ந்து கேட்போம், அவருக்கும் தெம்பு வரும் என்றார். பலரும் ஆமென்று தலையாட்டினார்கள். பென்சனின் இடதுகண் பளபளத்தது.

கேசட் டெக்கிலேயே கிடந்தது. புஷ்பமேரி போட்டாள். மூன்றில் வைத்தாள்.

"அன்னைக்கு மாதிரி இல்லையே, தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே அலெக்சாண்டர் ரிசீவருக்கு நேராக வந்து வால்யூமில் கை வைத்தார். மூன்று நாலானது. நாலு நாலரையானது. புஷ்பமேரிக்கு முதுகுத்தோல் முழுக்கச் சுருங்கியது. ஓரடி முன்னால் வந்தாள்.

"கைய எடுங்கண்ணே. நான் வைக்கிறேன்."

அவர் நகர்ந்துகொண்டார். அவள் திருகைப் பிடித்தாள். இந்த முறை விரல் கட்டையாகவில்லை.

"எங்க வரைக்கும் வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மூணுங்கிறது சும்மா கேக்குறதுக்கு. இந்தா, இது நாலரை. இது வந்துச்சுன்னா நான் அடுப்ப அணைச்சிருவேன். கரண்டி கையில இருந்தா கீழ வச்சிருவேன். ஷைலாவக் கொழாய்க்கு அனுப்பிருவேன்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு ஓங்கியது. அவளும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"இது அஞ்சு. அஞ்சுக்குக் கன்னத்துல. இது ஆறு. ஆறுக்குப் பெல்ட்டு. இந்தத் திருகுதான் வாச ஸ்பீக்கரு. நீங்க அசதி தீரக் கேட்டீங்களே, அந்த ஸ்பீக்கரு. அதையும் சேத்துப் போட்டாருன்னா நான் கத்துனாலும் தெருவுக்குக் கேக்காது."

ஸ்பீக்கர் திருகை ஏ பிளஸ் பி-க்குத் திருப்பினாள். வாசலில் பாட்டு வெடித்தது. படியில் இருந்த பாப்பம்மாள் துள்ளி எழுந்தாள்.

"இது ஏழு. ஏழு ஒரே ஒரு நாளுதான். இந்தக் கை ரெண்டா ஒடஞ்சுச்சு. ஓடையில வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். நீங்கதாண்ணே ஜீப் புடிச்சுக் குடுத்தீங்க."

சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாதாவைத் தாயே தாயே என்று ஒரு பெண்குரல் உருகிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். பென்சன் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் ஒருபாதி மட்டும் மேலே ஏறியிருந்தது. அவள் சொன்னது காதில் விழுந்ததோ என்னவோ, இத்தனை நாளுக்குப் பிறகு சத்தம் சரியான அளவில் வந்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. போர்வைக்கு வெளியே தெரிந்த இடதுகால் பெருவிரல் தாளம் போட்டது.

அவள் வால்யூமை முழுக்கக் குறைத்தாள். பவரை அணைத்தாள். ட்ரான்ஸ்பார்மரை அணைத்தாள்.

அலெக்சாண்டர் தொண்டையைச் செருமினார். குடும்பமென்றால் சாத்தான் எப்படியாவது நுழைந்துவிடுவான், மன்னிப்பதுதான் நமக்குக் கட்டளை என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "அவரு கெடக்குற நெலமையில இத இப்பப் பேசணுமா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"எந்திரிச்சு நடக்கையில பேசியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்காதுண்ணே. பாட்டுதான் பலமா இருந்துச்சே."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சுக்குக் காப்பியை யாரும் தொடவில்லை. ஆக்ஸிலியா மட்டும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மற்ற டம்ளர்களில் ஆறிப்போன காப்பியின் மேல் ஈசல் விழுந்து மிதந்தது.

மறுநாள் காலை பாப்பம்மாள் ஒரு பை கேரட்டோடு வந்தாள். அவள் வந்த நோக்கம் முகத்தில் தெரிந்தது. பாரத்தை இறக்க வந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும் மேரி" என்றாள். "ஒத்தச் செவுரு. பாட்டுக்கு அடியில ஒன் சத்தம் வரும். நான் டிவிய அணைச்சிட்டு செவுத்துல காத வச்சுக் கேப்பேன்."

"கேட்டு?"

"நின்னுருச்சான்னு பாப்பேன். நின்னாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

புஷ்பமேரி அவளையே பார்த்தாள். பாப்பம்மாள் அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே கிடந்தது முழுக்க வெளியே வந்தால்தான் அவளுக்கு ஆறும் போலிருந்தது.

"அன்னைக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட நல்லாப் பேசுவாரு. பாரு, நான் ஒன்ன அப்பிடியா வச்சிருக்கேம்பாரு. எனக்கும் அது பெருமையா இருக்கும் மேரி. பொய் சொல்லக் கூடாது. பெருமையாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகையைத் துடைத்துவிட வேண்டிய ஆள் தான்தான் என்று அவள் எதிர்பார்ப்பது புஷ்பமேரிக்குப் புரிந்தது. லாட்ஜில் எத்தனையோ விரிப்புகளைத் தேய்த்திருக்கிறாள். இப்படியொரு கறையை யாரும் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

"கேரட்ட எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். "எனக்கு லாட்ஜுக்கு நேரமாச்சு."

லாட்ஜுக்குப் போகிற வழியிலேயே ஷைலாவுக்குப் போன் போட்டாள். அந்த இல்லத்து சிஸ்டரிடம் பேசிவிடு என்றாள். ஷைலா ஏன் என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி அனுப்புவதாக மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வெரசாக எழுந்து பென்சனைக் குளிப்பாட்டினாள். பெருமாள்மலை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது அவர் வாந்தி எடுத்தார். வண்டியை நிறுத்தச் சொல்லித் துடைத்து, சட்டையை மாற்றி, வாய்க்குத் தண்ணீர் கொடுத்தாள். இறங்க இறங்க வெக்கை ஏறியது. இல்லத்தில் நீளமான ஹால், சுத்தமான கட்டில்கள், டெட்டால் வாடை. அவருக்கு எதெது ஒத்துக்கொள்ளும், மாத்திரையை எதில் கரைக்க வேண்டும், எந்தப் பக்கம் ஒருக்களிக்க வைத்தால் மூச்சு இழுக்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிஸ்டர் எழுதிக்கொண்டார். இவ்வளவு நன்றாகக் கவனித்திருக்கிறீர்களே என்றார். புஷ்பமேரி தலை குனிந்துகொண்டாள். வெட்கம்தான் அது. ஆனால் எதற்கான வெட்கம் என்று சிஸ்டருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

புறப்படும்போது பென்சன் அவள் சேலையை இடதுகையால் பற்றிக்கொண்டார். ஏதோ சொன்னார். இந்தத் தடவை அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள முயற்சி செய்யவுமில்லை. சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தெரு பேசத்தான் செய்தது. கட்டினவனைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள் என்றார்கள். பாவம், அவளும் எவ்வளவு பட்டிருப்பாள் என்றும் சிலர் சொன்னார்கள். பட்டதைப் பற்றி விவரமாகக் கேட்க ஆசைப்பட்டு வந்த இரண்டு பேரை அவள் வாசலோடு அனுப்பினாள். ரிசீவரைக் கோவில் ஹாலுக்குக் கொடுத்தால் உபயோகப்படும் என்று அலெக்சாண்டர் சொல்லியனுப்பினார். யோசிக்கிறேன் என்று சொல்லியனுப்பினாள். உண்மையில் அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பல்குச்சியும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வால்யூம் திருகின் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். கறுப்புக் கறுப்பாகப் பஞ்சில் ஏறியது. பஞ்சை அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு காலையில் இரண்டில் வைத்துச் செய்தியும் மழை நிலவரமும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை ஆக்ஸிலியா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வாங்கிய பிறகும் போகவில்லை. இணுக்கை உருவிக்கொண்டே நின்றாள். சேலையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடியிருந்தாள்.

"பெரியம்மா, எங்க வீட்ல டிவி" என்றாள்.

புஷ்பமேரிக்கு விளங்குவதற்கு ஒரு கணம்தான் ஆனது. "எத்தன வரைக்கும்?"

"அறுபது."

புஷ்பமேரி அவள் கையிலிருந்து கறிவேப்பிலையை வாங்கி வைத்துவிட்டு, உட்கார வைத்துச் சோறு போட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறாயா, கூட வருகிறேன் என்று கேட்டாள். ஆக்ஸிலியா பயந்து மறுத்தாள். அம்மா வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டாள். அதற்கும் இல்லை என்றாள். அப்படியானால் அறுபது வைக்கிற அன்றைக்கு நான் வருவேன், கதவைத் தட்டுவேன், அது மட்டும் ஒப்புக்கொள் என்றாள். ஆக்ஸிலியா சோற்றைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள்.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, ஸ்டீவன் வீட்டு டிவியில் சண்டைக்காட்சி ஒன்று தெருவையே தூக்கியது. புஷ்பமேரி உலையை இறக்கிவைத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி நடந்தாள். மூடுபனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அந்த வீட்டுக் கதவை உள்ளங்கையால் தட்டினாள். திறக்கவில்லை. திரும்பத் தட்டினாள். முட்டியால் இடித்தாள். தட்டுவதை நிறுத்தவே இல்லை.

டிவி நின்றது. ஸ்டீவன் கதவைத் திறந்தான். வேர்த்திருந்தான். என்ன என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு. என்னன்னு பாக்க வந்தேன்."

"கொறச்சிட்டேன். போங்க."

"போறேன். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்று சொல்லி வாசற்படியில் உட்கார்ந்தாள். அவனுக்குப் பின்னால் ஆக்ஸிலியா நிற்பது தெரிந்தது. "ஆக்ஸிலியா, ஒரு வாய் தண்ணி குடும்மா. இங்க வந்து குடு."

ஸ்டீவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். தெருவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தது. பாப்பம்மாள். அடுப்பிலிருந்து அப்படியே கிளம்பியிருப்பாள் போல, கையில் கரண்டி இருந்தது, அதில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. வந்து படிக்குக் கீழே நின்றாள். புஷ்பமேரியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குள்ளே பார்த்தாள், ஸ்டீவனைப் பார்த்தாள், ஆனால் திரும்பிப் போகவில்லை.

புஷ்பமேரி சேலையை ஒதுக்கிக்கொண்டு படியில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.